மெமரி மாற்றினால் போதுமா?

பெங்களூரு டவுன்ஹாலுக்கு ஒரு பக்கம் ஜே.சி. ரோடு; வண்டி உதிரிபாகம் தேடுபவர்கள் அங்கே போவார்கள். மறுபக்கம் சதர் பத்ரப்பா ரோடு, ஊரார் வாயில் எஸ்.பி. ரோடு. கணினிக்குள் இருக்கும் எந்தப் பொருளும், கம்பெனிகள் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்ட பொருளும்கூட, அந்தத் தெருவிலும் அதிலிருந்து பிரியும் சந்துகளிலும் கிடைத்துவிடும். கன்னடம், தமிழ், இந்தி, உருது, எதில் கேட்டாலும் பதில் வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சை நிற மெமரிப் பட்டைகள் அடுக்கியிருக்கும். பையில் பழைய லேப்டாப்போடு கல்லூரி மாணவர், கணக்கு எழுதுபவர், ஜெராக்ஸ் கடைக்காரர் என்று யார் யாரோ வருவார்கள். புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு. ஃபார்மட் அடிச்சும் பாத்தாச்சு." கடைக்காரர் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "ரேம் எவ்ளோ இருக்கு?"

சரியான இடத்தில் கை வைக்கும் கேள்வி அது. கணினியின் புராசஸர் வருஷம் போகப் போகத் தேய்ந்துபோவதில்லை. மின்விசிறியில் தூசி அடைத்துச் சூடேறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்தால் பழைய வேகம் திரும்பிவிடும். 2012-ல் வாங்கியபோது நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ அத்தனையையும் இன்றும் போடும். அப்படியிருந்தும் ஒரு கோப்பைத் திறக்க ஏன் ஒரு நிமிஷம் ஆகிறது? பெரும்பாலும் இடம் போதாமைதான் காரணம்.

திறந்திருக்கும் ஒவ்வொரு நிரலும் ரேமில், அதாவது அந்த மெமரிப் பட்டையில், இடம் பிடித்தாக வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் இருப்பதைப் புராசஸரால் நேரடியாகத் தொட முடியாது; அது ரேமுக்கு வந்து சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ரேம் நிரம்பிவிட்டால்? இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962-ல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி இதற்கு ஒரு வழி கண்டது. நினைவகத்தைச் சிறு சிறு பக்கங்களாகப் பிரித்தது. அப்போதைக்கு வேண்டாத பக்கங்களை வெளியே இருந்த காந்த உருளைக்கு அனுப்பிவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொண்டது. நிரல் எழுதுபவருக்கு நினைவகம் உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இன்றைய விண்டோஸும் லினக்ஸும் அதே வழியில்தான் நடக்கின்றன. பக்கம் ஒன்றின் அளவு வழக்கமாக 4 கிலோபைட். காந்த உருளையின் இடத்தில் ஹார்டு டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் போய்வரும் நேரம் இடிக்கிறது. ரேமில் இருப்பதை எடுக்கச் சுமார் 100 நானோநொடி ஆகும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் அதைத் தேடிப் பிடிக்கச் சுமார் 10 மில்லிநொடி. லட்சம் மடங்கு வித்தியாசம். ரேமுக்குப் போய்வருவதை ஒரு நொடி என்று நீட்டிப் பார்த்தால், ஹார்டு டிஸ்க்குக்குப் போய்வர ஒரு நாள் முழுசாகப் போய், அதற்கு மேலும் ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகும். எஸ்எஸ்டி என்றால் அதே பயணம் பதினேழு நிமிஷத்தில் முடிந்துவிடும். எஸ்.பி. ரோட்டில் "மெமரியோட ஒரு எஸ்எஸ்டியும் போட்டுடுங்க" என்று சொல்வது வெறும் வியாபாரப் பேச்சு இல்லை என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

நிரல்களுக்கு வேண்டிய பக்கங்கள் ரேமின் கொள்ளளவைத் தாண்டும்போது இன்னும் மோசமான ஒன்று நடக்கிறது. ஒரு பக்கத்தை உள்ளே கொண்டுவர வேறொன்றை வெளியே தள்ள வேண்டும். தள்ளிய பக்கமே அடுத்த கணம் தேவைப்படும். அதைக் கொண்டுவர இன்னொன்றைத் தள்ள வேண்டும். புராசஸர் கைகட்டிக் காத்திருக்க, பக்கங்கள் மட்டும் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கும். ஹார்டு டிஸ்க்கின் சிறு விளக்கு நிற்காமல் மினுக்கும். 'ஹேங் ஆயிடுச்சு' என்று நாம் சொல்லும் நிலைகளில் பெரும்பகுதி இதுதான். அமெரிக்கக் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968-லேயே இதை ஆராய்ந்து எழுதினார். ஒரு நிரல் அண்மையில் தொட்ட பக்கங்கள் எத்தனை என்று பார்க்க வேண்டும். அத்தனைக்கும் இடம் இருந்தால் வேலை சீராக நடக்கும். அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் வேகம் படிப்படியாகக் குறையாமல் ஒரேயடியாகச் சரியும் என்று காட்டினார். 4 ஜிபி கணினியில் பத்தாவது டேப் வரை ஓடிக்கொண்டிருந்த பிரவுசர் பதினொன்றாவதில் அப்படியே நின்றுபோவது இதனால்தான். இன்னொரு 4 ஜிபி சேர்த்ததும் அது எழுந்து ஓடுவதும் இதனால்தான்.

ஃபார்மட் அடிப்பதால் கிடைக்கும் நிவாரணமும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டதும், பின்னணியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த அப்டேட்டர்கள், பிரின்டர் கம்பெனியின் உபரி நிரல்கள், ஆன்டிவைரஸின் மிச்சங்கள் எல்லாம் போய்விடும். ரேமில் இடம் காலியாகும். சில மாதங்களில் அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் பச்சைப் பட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தின் பொறியாளர் ராபர்ட் டென்னார்டு 1966-ல் எண்ணிப் பார்த்து, 1968-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ஒரு பிட் தகவலுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். அதற்கு முன் ஒரு பிட்டைப் பிடித்துவைக்கப் பல டிரான்சிஸ்டர்கள் வேண்டியிருந்தது. டென்னார்டின் எளிமைதான் நினைவகத்தை மலிவாக்கியது. 1970-ல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சிப்பில் 1,024 பிட்டுகள் இருந்தன. இன்று எஸ்.பி. ரோட்டில் வாங்கும் ஒரு 8 ஜிபி பட்டையில் 6,800 கோடிக்கும் மேற்பட்ட மின்தேக்கிகள் இருக்கின்றன. கையால் எடுத்தால் எடை தெரியாத ஒரு பொருளில் இத்தனை கோடி!

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. அவ்வளவு சிறிய மின்தேக்கியில் மின்னூட்டம் தங்காது, கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லிநொடிக்கு ஒருமுறையாவது படித்துத் திரும்ப எழுத வேண்டும். கணினி இயங்கும் நேரமெல்லாம், நாம் எதுவும் செய்யாமல் வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும், நொடிக்குப் பதினைந்து முறைக்கு மேல் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. மின்சாரம் நின்றால் எழுதியது அழிந்துவிடும். அந்த அழிவுக்கும் சிறிது நேரம் பிடிக்கும். மெமரியைக் கடுங்குளிரூட்டினால் சில நிமிஷங்கள்வரைகூட அதிலிருந்து தகவலை மீட்கலாம் என்று 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். சாதாரண அறை வெப்பத்தில் அதெல்லாம் நொடிக்கணக்கு.

இனி அந்தப் பட்டையைப் பொருத்துவோம். முதலில் மின்இணைப்பைப் பிடுங்கி, லேப்டாப் என்றால் பேட்டரியையும் விடுவித்து, கணினியின் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட வேண்டும். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடக் கூடாது. டெஸ்க்டாப்பின் ஸ்லாட்டில் இரு முனைகளிலும் வெள்ளை அல்லது கறுப்புக் கொக்கிகள் இருக்கும். அவற்றை வெளிப்பக்கம் சாய்த்தால் பழைய பட்டை எழும்பி வரும். அதன் அடிவிளிம்பில் தங்கமுலாம் பூசிய பற்கள். பல வருஷத் தூசியும் ஈரமும் படிந்து அவை மங்கியிருந்தால், சர்வீஸ் செய்பவர்கள் பள்ளிக்கூடத்து ரப்பரால் இதமாகத் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டுப் போடுவார்கள். ஆன் செய்ததும் பீப் பீப் என்று கத்திவிட்டுத் திரை கறுப்பாகவே நிற்கும் கணினிகளில் கணிசமானவை இந்த ஒரு வேலையிலேயே உயிர் பெற்றுவிடும். புதிய பட்டையின் விளிம்பில் இருக்கும் வெட்டும் ஸ்லாட்டில் இருக்கும் மேடும் நேராக வரும்படி வைத்து, இரு கட்டைவிரலாலும் சமமாக அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும் 'டக்' என்று கொக்கி விழுந்தால் சரி. வலுக்கட்டாயமாக இறக்கக் கூடாது. இறங்க மறுத்தால் அது அந்த ஸ்லாட்டுக்கான பட்டையே இல்லை.

அந்த வெட்டு தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறும். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டு டெஸ்க்டாப் பட்டைகளிலும் 240 பற்கள்தான். ஆனால் முன்னதற்கு 1.8 வோல்ட், பின்னதற்கு 1.5. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருகிவிடாமல் தடுக்கவே வெட்டைத் தள்ளி வைத்தார்கள். டிடிஆர்4 வந்தபோது பற்கள் 288 ஆயின, மின்னழுத்தம் 1.2 ஆக இறங்கியது, டிடிஆர்5-ல் 1.1. ஒரு தலைமுறை மதர்போர்டில் அடுத்த தலைமுறை மெமரியைப் போட வழியில்லை. ஆகவே கடைக்குக் கிளம்பும் முன் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. எத்தனை ஸ்லாட், எத்தனை காலி, என்ன வேகம் என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பழைய பட்டையையே கழற்றிக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.

தலைமுறை பொருந்தினாலும் ஒரு வில்லங்கம் உண்டு. இந்திய வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இன்டெல் ஜி41 மதர்போர்டுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் சிப்செட்டுக்கு 2 ஜிகாபிட் சிப்வரைதான் தெரியும். அதனால் 4 ஜிபி பட்டை வேண்டுமானால் இரு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப் பதித்ததாக இருக்க வேண்டும். அதே 4 ஜிபி, அதே டிடிஆர்3, ஆனால் எட்டே சிப்பில் அடங்கியது என்றால் கணினி எழும்பாது. மெமரியில் கோளாறு இல்லை, மதர்போர்டிலும் கோளாறு இல்லை. ஸ்டிக்கரைப் பார்க்காமல் சிப்பை எண்ணிப் பார்த்து மெமரி தருகிற கடைக்காரர் இந்த விஷயம் தெரிந்தவர். அவர் பேச்சை நம்பலாம்.

8 ஜிபி போட்ட பிறகும் கணினி 3.2 ஜிபி என்றே காட்டுகிறது என்ற புகாரும் அடிக்கடி வரும். இங்கேதான் மெமரியும் இயங்குதளமும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள் என்பது புரியும். 32 பிட் முகவரியால் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் பைட்டுகளை மட்டுமே சுட்ட முடியும். அதாவது 4 ஜிபி. அதிலும் ஒரு பகுதி முகவரிகளைக் கிராஃபிக்ஸ் முதலான கருவிகள் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலும் விண்டோஸ் 7 காலத்திலும் 64 பிட் புராசஸர் உள்ள கணினிகளில்கூட 32 பிட் விண்டோஸையே பழக்கத்தில் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே மெமரியை மட்டும் மாற்றினால் பாதிப் பணம் வீண். 64 பிட் இயங்குதளமும் சேர்ந்து போனால்தான் போட்ட மெமரி கணக்கில் வரும்.

இயங்குதளங்களின் பசி வளர்ந்த கதையை மைக்ரோசாஃப்ட்டின் குறைந்தபட்சத் தேவைகளே சொல்லும். 1995-ல் வந்த விண்டோஸ் 95-க்கு 4 மெகாபைட் போதும் என்றார்கள். 2001-ன் எக்ஸ்பிக்கு 64 மெகாபைட். 2009-ன் விண்டோஸ் 7-க்கு 1 ஜிபி. 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது 4 ஜிபி. இருபத்தாறு வருஷத்தில் சரியாக 1,024 மடங்கு. குறைந்தபட்சம் என்று சொல்வதில் இயங்குதளம் எழும்பும், அவ்வளவுதான். நிம்மதியாக வேலை செய்ய இரட்டிப்பாவது வேண்டும். மென்பொருள் கனத்துப் போகும் வேகம் வன்பொருள் முன்னேறும் வேகத்தைத் தின்றுவிடுகிறது என்று பாஸ்கல் மொழியைப் படைத்த நிக்லாஸ் விர்த் 1995-லேயே வருந்தி எழுதினார்.

விர்த்தின் வருத்தம் நியாயமானது. ஆனாலும் எல்லாக் கனமும் வீண் கனம் இல்லை. தமிழ் எழுத்துகள் உடையாமல் திரையில் தெரிவதற்கும், ஒரு நிரல் செத்தால் கணினியே சாகாமல் இருப்பதற்கும் மெமரி செலவாகிறது. பாதுகாப்புக்கும் செலவாகிறது. 2018-ல் ஸ்பெக்டர் என்ற புராசஸர் குறைபாடு அம்பலமானதும், ஒரு வலைத்தளம் இன்னொரு வலைத்தளத்தின் தகவலை எட்டிப் பார்க்காதபடி குரோம் பிரவுசர் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி அறையில் அடைத்தது. அதற்கு விலையாக 10 முதல் 13 சதவீதம் மெமரி கூடுதலாகப் போகும் என்று கூகுளே சொன்னது. நெட்பேங்கிங் செய்பவர் அந்த மெமரியை மிச்சம் பிடிக்க ஆசைப்படக் கூடாது.

"எக்ஸ்பியே நல்லா ஓடுது, ஏன் மாத்தணும்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. நாட்டின் ஏடிஎம்களில் பல அதற்குப் பிறகும் எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்தன. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு விதித்தது: படிப்படியாக மாற்றி, 2019 ஜூனுக்குள் எல்லா ஏடிஎம்மும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு வந்துவிட வேண்டும். அந்தக் கண்டிப்புக்கு முந்தைய ஆண்டின் அனுபவம் பின்னணியாக இருந்தது. விண்டோஸில் இருந்த ஓட்டை ஒன்றுக்கு 2017 மார்ச் 14-ல் திருத்தம் வந்துவிட்டது. போடாதவர்கள் போடவில்லை. மே 12-ல் வான்னாக்ரை என்ற தீநிரல் அந்த ஓட்டை வழியாகப் புகுந்து உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இங்கே ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் மாட்டிக்கொண்டன.

அதனால் பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம் ஒரு ஆடம்பரம் இல்லை. ஆனால் அந்தப் புதிய இயங்குதளம் பழைய கணினியை ஏற்றுக்கொள்கிறதா? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அடுத்ததான விண்டோஸ் 11-க்கு மெமரி மட்டும் போதாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும். இன்டெல் என்றால், ஓரிரு விலக்குகள் தவிர, 2017-ல் வரத் தொடங்கிய எட்டாம் தலைமுறை புராசஸராகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். 2016-ல் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஐ5 கணினியில் 16 ஜிபி மெமரியும் எஸ்எஸ்டியும் இருந்தாலும் அதிகாரப்பூர்வமாக அதற்குக் கதவு அடைப்பு. டிபிஎம் செய்வதுபோல் ரகசியக் குறியீட்டுச் சாவிகளைத் தனியே பூட்டிவைப்பது உண்மையாகவே பாதுகாப்பைக் கூட்டும், அதில் தகராறில்லை. ஆனால் நன்றாக ஓடும் கோடிக்கணக்கான கணினிகளைத் தேதி குறித்து ஒதுக்கியது கொடுமையான முடிவு. 24 கோடி கணினிகள் இதனால் கழிவாகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது.

அந்தக் கணினிகளுக்கு லினக்ஸ் இருக்கிறது. பெங்களூரில் இதற்கு உயிருள்ள உதாரணமும் உண்டு. பன்னேர்கட்டா ரோட்டை ஒட்டிய குரப்பனபாளையத்தில், சுதர்சன் லேஅவுட் என்ற குடிசைப் பகுதியில், 2000-களின் இறுதியில் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் எழுந்தது. சுருக்கமாக ஏசி3. கர்நாடகத்தின் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைச் சேர்ந்த தன்னார்வலர்கள் துணை நின்றார்கள். யாரோ வேண்டாமென்று கொடுத்த பழைய கணினிகள். அவற்றில் ஜிஎன்யு லினக்ஸ். மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் வார இறுதியில் வந்து கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜிம்ப் என்ற இலவசப் பட நிரலில் பிள்ளைகள் வரைந்த ஓவியங்களைப் பற்றி நாளிதழ்கள் எழுதின. வாங்க வேண்டிய லைசென்ஸ் இல்லை, புதிய கணினி கேட்கும் கட்டாயம் இல்லை. அலுவலகத்தில் ஒதுக்கிய ஒரு கணினி இன்னொரு இடத்தில் ஒரு பிள்ளைக்கு முதல் கணினியானது. தகவல்தொழில்நுட்பத்துக்குப் பேர்போன நகரத்தில், கண்ணாடிக் கட்டடங்களைவிட இந்தச் சிறு அறைக்குத்தான் பெருமை அதிகம் சேர வேண்டும்.

பெரிய அளவிலும் இது நடக்கும் என்று கேரளம் காட்டிவிட்டது. அங்கே பள்ளிகளின் ஐடி கல்வி கட்டற்ற மென்பொருளில்தான். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தன் சொந்த இயங்குதளத்தைத் தந்ததில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் அந்த மாநிலத்தின் கைட் நிறுவனம் கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் உமாசங்கர் ஐஏஎஸ் மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். 2011-ல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளிலும் அந்த மடிக்கணினிகள் பேட்டரி செத்துப் பரணில் கிடக்கும். அவற்றையும் எடுத்துப் பார்க்கலாம்.

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜிபியில் எழும்பும், 4 ஜிபியில் நன்றாகவே ஓடும். பென்டிரைவில் போட்டு, கணினியில் எதையும் அழிக்காமல், அதிலிருந்தே ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யும். சுத்தமான 32 பிட் கணினிகளுக்கு மட்டும் காலம் நெருங்குகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அவற்றுக்கான நிறுவு கோப்பைக் கைவிட்டுவிட்டது.

எல்லோருக்கும் லினக்ஸ் ஒத்துவரும் என்று சொல்வது நேர்மையாகாது. கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அதைச் செய்யும் நிறுவனமே பெங்களூர்க்காரர்கள்தான். டேலியில் கணக்கு எழுதி, டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி வரி தாக்கல் செய்பவர் இயங்குதளம் மாற்றினால் முதல் நாளே தடுமாறுவார். அவருக்கு விண்டோஸ் 11 ஏற்கும் கணினிதான் வழி. அவர் கைவிடும் பழைய கணினி, பிரவுசரும் எழுத்து வேலையும் மட்டும் வேண்டியிருக்கும் இன்னொருவருக்கு இன்னும் பல வருஷம் ஓடும்.

ஓட்டித்தான் தீர வேண்டுமா என்று கேட்டால், மெமரிச் சிப்பின் எடையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். டோக்கியோவில் ஐ.நா. பல்கலைக்கழகத்தில் இருந்த எரிக் வில்லியம்ஸும் சகாக்களும் 2002-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 32 மெகாபைட் மெமரி சிப் ஒன்று, எடை 2 கிராம். அதைச் செய்து பயன்படுத்துவதற்கு 1,600 கிராம் புதைபடிவ எரிபொருளும் 72 கிராம் ரசாயனமும் செலவாகிறது. தயாரிப்புக்கு 32 கிலோ தண்ணீர் வேறு. பொருளைப் போல எண்ணூறு மடங்கு எடை எரிபொருளிலேயே போய்விடுகிறது! எரிபொருளில் பெரும்பங்கு தயாரிப்பில்தான் செலவு. தொழில்நுட்பம் மாறி எண்கள் மாறியிருக்கும். ஆனால் கணினியின் சுற்றுச்சூழல் செலவில் பெரும்பகுதி அது நம் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது மாறவில்லை.

தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பெங்களூரே சான்று. குடிசைப் பகுதிகளில் மின்கழிவை உடைத்து, எரித்து, அமிலத்தில் ஊறவைத்து உலோகம் பிரித்த இடங்களின் மண்ணையும், அந்த வேலையில் இருந்தவர்களின் தலைமுடியையும் சோதித்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. ஈயம், காட்மியம், பாதரசம், ஆன்டிமனி என்று மண்ணில் உலோகங்கள் மிகுந்திருந்தன; முடியிலும் சில உலோகங்களின் அளவு கூடியிருந்தது. பழைய மதர்போர்டைக் குப்பைக்காரரிடம் கொடுக்கும்போது அது போய்ச் சேரும் உடம்புகள் அவை. முறையான வழியும் இதே ஊருக்குப் பக்கத்திலேயே பிறந்தது. தோபாஸ்பேட்டையில் 2005-ல் தொடங்கிய இ-பரிசரா, அரசு அங்கீகாரம் பெற்ற நாட்டின் முதல் மின்கழிவு மறுசுழற்சி ஆலை.

இப்போது இன்னொரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. உலக மெமரி உற்பத்தியில் பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவர் கையில். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் வாங்கிக் குவிப்பதால் 2025-ன் பிற்பகுதியில் மெமரி விலை கடுமையாக ஏறியது. தனிமனிதர்கள் வாங்கிப் பொருத்தும் குரூசியல் பிராண்டையே மைக்ரான் கைவிடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. சாம்சங்குக்கும் மைக்ரானுக்கும் பெங்களூரில் பொறியியல் மையங்கள் உண்டு. ஒரே நகரத்தில், நாளைய மெமரியை வடிவமைப்பவர்களும் நேற்றைய மெமரியைத் துடைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். இந்த விலையில், எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சோதித்த பழைய டிடிஆர்3 பட்டைக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

ஆகவே பழைய கணினியை வைத்துக்கொள்வதானால் மெமரி, எஸ்எஸ்டி, ஆதரவுள்ள 64 பிட் இயங்குதளம் மூன்றையும் சேர்த்தே யோசியுங்கள். பள்ளிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுப்பதானால் ஒரு வேண்டுகோள். மெமரியைக் கழற்றிக்கொண்டு வெறும் பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள். மெமரி இல்லாத கணினி வாங்குபவருக்குச் செலவுதான். உங்கள் கோப்புகளைப் பற்றிய கவலை இருந்தால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள் அல்லது முழுதாக அழித்துவிடுங்கள். ரேமில் உங்களுடையது எதுவும் மிஞ்சியிருக்காது. அதை அப்படியே விட்டுக் கொடுங்கள்.